பெரியவர் ரோட்டில் நிற்கிறார்

1

இந்தக் குறிப்புகளைச் சமையலறை மேடையில் தாளை வைத்துக்கொண்டு, நின்றபடியேதான் எழுதுகிறேன். உட்கார்ந்து ஒரு வேலை செய்ய எனக்கு வராது. சாப்பாடு, பேப்பர் படிப்பது, போன் பேசுவது எல்லாமே நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான். வண்டி ஓட்டும்போது மட்டும் உட்காருகிறேன், அது வேறு வழியில்லாமல். "ஏனுங்க, அந்த நாற்காலி உங்களைக் கடிக்குதா?" என்று என் மனைவி ஸ்டெல்லா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் வடக்கே ஒரு மேட்டுநிலத்துச் சிற்றூர். மழை உண்டு, மூட்டம் உண்டு, தேயிலைகூட உண்டு. ஆனால் கொழுந்தை மெஷின் பறிக்கிறது. மெஷினுக்கு மேஸ்திரியைத் திட்டத் தெரியாது, ஆகவே தோட்டம் வாயடைத்துக் கிடக்கிறது. ஊரிலிருந்து வருகிற யாராவது காரை விட்டு இறங்கியதும், "அட, அப்படியே ஊட்டி மாதிரி இருக்குதே" என்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். மாதிரி இருந்தால் நான் ஏன் இப்படி நிலைகொள்ளாமல் அலைகிறேன்?

என் வேலை, பொழுது சாய்ந்த பிறகு பன்னிரண்டு பயணிகளை ஒரு சின்ன பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் போய், இரவில் மட்டும் வெளியே வரும் பிராணிகளைக் காட்டுவது. வாரத்தில் நான்கு நாள். மரத்தில் ஏறும் கங்காரு, ஆந்தை, வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கும் பாசம். பாசம் என்பது பூனை அளவுள்ள ஒரு பிராணியின் பெயர். நம் எழுத்தில் எழுதினால் அப்படித்தான் வருகிறது, என் குற்றமில்லை. "எங்க வீட்டுக்காரர் ராத்திரியானா பாசத்தைத் தேடிப் போயிடுவாரு" என்று ஸ்டெல்லா சர்ச்சில் மற்ற தமிழ்ப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வேலைக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். வந்து பத்து வருடம் ஆகிவிட்டதால் போன வாரம் மூன்றாவது தடவையாக விண்ணப்பப் பாரம் வந்தது. முதல் தடவை நானே தட்டுத் தடுமாறி எழுதினேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். பதினாறு வயதாகும் என் மகள் ரோஷினிதான் என் எழுத்தர். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தட்ட, நான் பின்னால் நடந்துகொண்டே பதில் சொன்னேன்.

முதல் தகராறு என் பெயரில். எனக்கு இருப்பது ஒரே பெயர், செல்வராஜ். இந்த நாட்டுப் பாரங்களுக்கு அது போதாது. முதல் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டம். ஒன்று காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஆகவே நான் இங்கே செல்வராஜ் செல்வராஜ். பர்மிட் அட்டையிலும் அப்படியே அச்சடித்திருக்கிறது.

பத்தொன்பதாவது கேள்விக்கு வந்தோம். ரோஷினி ஆங்கிலத்தில் படித்துவிட்டு, எனக்காகத் தமிழில் சொன்னாள். "எந்த நாட்டுலயாவது, நீங்க வண்டி ஓட்டிட்டுப் போன டிரிப்புல யாருக்காவது அடிபட்டிருக்கா? யெஸ் ஆர் நோ. இது நோ தானே அப்பா?"

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"அப்பா, அந்தப் பெரியவர் ஸ்டோரியை எக்ஸ்பீரியன்ஸ் கீழ போடலாமா? காட்டு யானையை ஹேண்டில் பண்ணியிருக்கீங்கல்ல. அதுலயும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"அதை இப்ப தொடாத. அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், காலையில் கழுவிய பஸ்ஸை மறுபடி கழுவினேன்.

2

பெரியவர் யார் என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து இரண்டு நாட்டு அரசுகளின் ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்கள். சேரங்கோடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் தொழிலாளர் லயத்தில் ஒரு வீடும் கிடைத்தன. அவர்கள் இலங்கையில் இருந்த தோட்டத்தில் அட்டைக்கடிதான் உண்டு, யானை கிடையாது. யானையை வாசலில் பார்த்ததே சேரங்கோட்டுக்கு வந்த பிறகுதான். முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா அவர்களுக்கு ஒரு சட்டம் சொல்லிவிட்டாள். விளக்கு வைத்த பிறகு பெயர் சொல்லக் கூடாது, சொன்னால் வந்துவிடும்.

அம்மா அந்தச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பகலில் ஆனை. ஆறு மணிக்கு மேல் பெரியவர். பாம்பு என்றால் கயிறு. சிறுத்தை என்றால் பூனை. அதிலும் பெரியவருக்கு மரியாதைப் பன்மை வேறு. "ராத்திரி பெரியவரு வந்து நாலு வாழையைச் சாப்புட்டுட்டுப் போயிட்டாரு" என்று அம்மா காலையில் சொல்வதைக் கேட்டால், ஊரிலிருந்து மாமனார் வந்து போனது போலத்தான் இருக்கும். ஒருமுறை நான் இருட்டில் "ஆனை" என்று சொல்லிவிட்டு வாயிலேயே ஓர் அடி வாங்கினேன். அந்த அடி இன்னும் போகவில்லை.

இங்கே என் வேலை என்ன? இருட்டில் பிராணிகளின் பெயரை மைக்கில் உரக்கச் சொல்வது. பெயர் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து வளர்ந்தவன், வரட்டும் என்று பெயர் சொல்லிப் பிழைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சாலை நடுவே பெரிய காட்டுப்பன்றி நின்றது. நாக்கு புரளவில்லை. "தயவுசெய்து அமைதி, ஒரு பெரிய மனிதர் சாலையில் நிற்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு பேரும் மனிதரைத் தேடினார்கள். ஒரு அம்மாள் மேலதிகாரிக்கு எழுதிப் போட, அவர் கூப்பிட்டு, "செல்வராஜ், பன்றியைப் பன்றி என்றே சொல்லலாம், அது வழக்குப் போடாது" என்றார்.

இங்கே வெள்ளை விளக்கு அடிக்கக் கூடாது. பிராணியின் கண்ணுக்குக் கெடுதல் என்று விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி மாட்டியிருக்கிறது. சத்தம் போடக் கூடாது, உணவு போடக் கூடாது. இதையெல்லாம் பயணிகளுக்குச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கும். மசினகுடிக் காட்டில் நானும் ஸ்டெல்லாவின் அண்ணனும் அடித்த வெள்ளை வெளிச்சம் நினைவுக்கு வந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டியை நகர்த்துவதற்கு முன் தலைகளை மூன்று தடவை எண்ணுவேன். பின்னோக்கி எடுப்பதாக இருந்தால் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வருவேன், கேமரா இருந்தாலும். பயணிகள் சிரிப்பார்கள். ரொம்பப் பொறுப்பான டிரைவர் என்று சிலர் பாராட்டி எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது உடம்பு கூசும்.

3

எங்கள் வீட்டில் பெரியவர் கதை இப்படித்தான் சொல்லப்படும். ரோஷினி ஐந்து வயதில் இதைக் கேட்காமல் தூங்க மாட்டாள்.

கல்யாணத்துக்கு முன்பு நான் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியில் ஜீப் டிரைவர். என் கூட்டாளி அந்தோணி, ஊட்டி காந்தலைச் சேர்ந்தவன். ஸ்டெல்லாவின் அண்ணன். அவன் மூலமாகத்தான் நான் ஸ்டெல்லாவைப் பார்த்ததும், பெண் கேட்டதும். அவனைப் போல் கண் உள்ளவனை நான் பார்த்ததில்லை. இருட்டில் இரண்டு புள்ளி பளிச்சென்றால் போதும், மானா, கரடியா, காட்டெருமையா என்று சொல்லிவிடுவான். விடுதி விருந்தாளிகளை ராத்திரியில் காட்டுப் பக்கம் கூட்டிப்போவோம். அது சட்டப்படி கூடாது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் போனோம். நான் ஓட்ட, அந்தோணி ஜீப்பின் பின்பக்கம் நின்று பேட்டரி விளக்கைச் சுழற்றுவான். ஜீப்பின் உடம்பில் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. இதுதான் எங்கள் பாஷை.

ஒருநாள் சமவெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரு கைக்குழந்தை. வளைவில் திரும்பியதும் அந்தோணி ஒரு தட்டு தட்டினான். நின்றேன். முப்பதடி முன்னால் ஒற்றைக் கொம்பன், ரோட்டை அடைத்துக்கொண்டு. நான் வழக்கப்படி மெதுவாகச் சொன்னேன்.

"சத்தம் போடாதீங்க. பெரியவரு ரோட்டுல நிக்கறாரு."

பின்சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு முன்பக்கம் சரியாகத் தெரியவில்லை. ரொம்ப நல்ல மனிதர். "அடப் பாவமே, இந்தக் குளிர்லயா? ஏத்திக்கலாங்க, இடம் இருக்கு" என்று பின்கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இறங்கியதோடு நில்லாமல், "ஐயா, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னால் நடந்தார்.

இந்த இடத்தில் ரோஷினி போர்வைக்குள் புரண்டு சிரிப்பாள்.

அந்தோணி விளக்கைக் கீழே போட்டுவிட்டுக் குதித்து, அவர் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து பின்கதவு வழியாக உள்ளே தள்ளினான். நான் ஜீப்பைப் பின்னால் எடுத்துத் திருப்பினேன். பெரியவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூங்கிலை மென்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் விடுதி போய்ச் சேரும்வரை, "என்னங்க, ஆனைன்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கதை முடிந்தது. சுபம்.

4

எங்கள் வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. அது சிரிப்புக் கதை அல்ல. அந்தோணி மாமா கல்லட்டி ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கால் நொறுங்கிய கதை. நாலு மாதம் படுக்கை. என் கல்யாணம் அதனால் தள்ளிப்போனது. கால் சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. இப்போது அவன் காந்தலில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. அதற்குப் பிறகு அவன் காட்டுப் பக்கம் போனதே இல்லை.

இரண்டும் ஒரே ராத்திரி நடந்தவை என்பது எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கும் எனக்கும்.

பதினெட்டு வருடமாக நான் எழுதாததை இப்போது எழுதுகிறேன். அந்தோணி அந்த மனிதரைப் பின்கதவு வழியாக உள்ளே தள்ளினான். கதவு அடித்துச் சாத்திய சத்தம் கேட்டது. இரண்டு தட்டு கேட்கவில்லை. கேட்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். எனக்குக் கண்முன்னால் ஒற்றைக் கொம்பு மட்டும்தான் தெரிந்தது. கியரைப் பின்னால் போட்டு அழுத்தினேன். அந்தோணி இன்னும் ஏறவில்லை. ஜீப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

அவன் கத்தவில்லை. ஒரே ஒரு தட்டு தட்டினான். கீழே கிடந்தபடியே, கையை நீட்டி, ஜீப்பில் ஒரு தட்டு.

அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து, விருந்தாளிகளை விடுதியில் இறக்கிவிட்டு, அவனைப் பின்னால் படுக்கவைத்து, கல்லட்டி மலையின் முப்பத்தாறு வளைவுகளிலும் ஏறி ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விடுதி முதலாளி புறப்படும்போதே சொல்லிவிட்டார், தன் பெயர் வெளியே வந்தால் எங்கள் இருவருக்கும் நல்லதல்ல என்று. ஆனால் அவர் மேல் பழியைப் போட எனக்கு உரிமை இல்லை. பாதி மலை ஏறியதும் நானே வாயைத் திறந்தேன்.

"அந்தோணி, ஸ்கூட்டர்ல விழுந்துட்டேன்னு சொல்லிரலாமா? ஜீப்புன்னா போலீஸ் வரும், லைசென்ஸ் போயிரும். அப்புறம் ஸ்டெல்லாவை உங்கூட்டுல எப்படிக் குடுப்பாங்க?"

இரண்டு வளைவு தாண்டும்வரை பின்னாலிருந்து பதிலே இல்லை. போய்விட்டானோ என்று பயந்து வண்டியை நிறுத்தப் போனேன். அப்போது சொன்னான்.

"சரிங்க டிரைவரே."

அதுவரை அவன் என்னைக் கூப்பிட்டது மாப்ள. பெண் கேட்பதற்கு முன்பே, சும்மா கேலிக்கு ஆரம்பித்த மாப்ள. அன்றைக்குப் பிறகு இன்றுவரை நான் அவனுக்கு டிரைவர்தான். கல்யாணத்தில் மோதிரம் போட்டுவிட்டபோதும், "கையை நீட்டுங்க டிரைவரே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மாப்பிள்ளைக்குள் நடக்கிற கேலி என்று நினைத்தார்கள்.

5

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனோடு போன் உண்டு. நான் கேட்காமலே அவன் கேட்பான், "இந்த வாரம் என்ன பார்த்தீங்க டிரைவரே?" நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். மரக்கங்காரு எந்தக் கிளையில் இருந்தது, கண் என்ன நிறத்தில் மின்னியது, குட்டி உண்டா. அவன் நுணுக்கி நுணுக்கிக் கேட்பான். ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும். பார்க்க வேண்டியவன் அவன், பார்த்துக்கொண்டிருப்பவன் நான். போனை வைத்த பிறகு வீட்டை நாலு சுற்றுச் சுற்றுவேன்.

பாரம் வந்த மறுநாள், ஞாயிறு வரை பொறுக்காமல், வேலி ஓரமாக நடந்தபடி அவனைக் கூப்பிட்டேன்.

"பர்மிட்டுக்கு ஒரு பாரம் வந்திருக்குது அந்தோணி. யாருக்காவது அடிபட்டுச்சான்னு கேக்குது."

"முந்தியும் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

"என்ன எழுதினீங்க?"

"இல்லைன்னு."

மெஷின் ஓடி நின்றது. யாருக்கோ சில்லறை கொடுத்து அனுப்பினான். "அப்ப இந்த வாட்டியும் இல்லைன்னே எழுதிருங்க டிரைவரே. கை பழகியிருக்கும்."

"ஆமான்னு எழுதினா விசாரணை முடியற வரைக்கும் பர்மிட் கிடையாது. முந்தி பொய் சொன்னதுக்கு வேற கேப்பாங்க. அதைவிட ஸ்டெல்லாவுக்குத் தெரிஞ்சுரும். பாப்பாவுக்கும்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அன்னிக்குக் கேட்டீங்க, சரின்னேன். ஒரு வாட்டிதான் சரி சொல்ல முடியும்." பிறகு, "கடையில ஆள் நிக்குது. வெக்கிறேன்" என்றான். ஆள் யாரும் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பயமாக இருந்தது. வேலை போனால் கோழிப் பண்ணையிலோ வாழைத் தோட்டத்திலோ இன்னொரு வேலை பார்த்துக்கொள்ளலாம். பதினேழு வருடமாக ஒரு பெண் என்னை நம்பிக் கூட இருக்கிறாள். அவளுடைய அண்ணன் காலை முறித்தவன் நான் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பயம்தான்.

6

சனிக்கிழமை ரோஷினி பஸ்ஸில் கூட வந்தாள். பள்ளி விடுமுறையில் சில நாள் மைக் பிடிக்க வருவாள். அவள் ஆங்கிலம் பயணிகளுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், பாதி புரியாவிட்டாலும். என்னிடம் தமிழ் பேசும்போது சின்னப் பெண்ணாக இருப்பவள், மைக்கைப் பிடித்ததும் எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தி ஆகிவிடுவாள். அவளுடைய வேகத்துக்கு நான் ஓடிப் பிடிக்க முடியவில்லை என்பதை அந்த பஸ்ஸில்தான் அடிக்கடி உணர்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு மூட்டம். ஒரு மணி நேரமாக ஒரு பிராணியும் கண்ணில் படவில்லை. சிவப்பு வெளிச்சம் வெறும் மரங்களில் ஊர்ந்துகொண்டிருந்தது. பயணிகள் கொட்டாவி விட ஆரம்பித்ததும், ரோஷினி அவர்களைச் சமாளிக்க ஒரு கதை எடுத்தாள். எங்கள் டிரைவர் இந்தியாவில் காட்டு யானைகளுக்கு நடுவே வண்டி ஓட்டியவர் என்று தொடங்கினாள்.

அவள் நன்றாகச் சொன்னாள். அந்த மனிதர் இறங்கி "ஐயா, வாங்க" என்று கூப்பிட்ட இடத்தைத் தமிழிலேயே சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாள். பஸ் குலுங்கிச் சிரித்தது. எங்கள் மாமா அவரை இழுத்து உள்ளே போட்டார், அப்பா பின்னால் எடுத்தார் என்றாள்.

பின்சீட்டில் ஒரு வயதான வெள்ளைக்காரர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவராம். அவர் கேட்டார், "உன் மாமா எப்போது உள்ளே ஏறினார்?"

ரோஷினி வாயைத் திறந்து, மூடினாள். அந்தக் கதையை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அந்தோணி ஏறுகிற இடம் அதில் கிடையாது. நான் வைத்ததே இல்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மாமா எப்ப ஏறினாங்க?"

"அதோ மேல பாரு, பாசம்" என்றேன். உண்மையிலேயே கிளையில் ஒன்று இருந்தது. எல்லோரும் அதைப் பார்க்கத் திரும்பினார்கள். ரோஷினி திரும்பவில்லை.

7

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, பகல் முழுக்க ரோஷினி அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. நான் தோட்டத்தில் புல் வெட்டினேன். வெட்டிய இடத்தையே மறுபடி வெட்டினேன்.

ஆறு மணிக்கு ஸ்டெல்லா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ரோஷினி கம்ப்யூட்டரைத் திறந்து, "அப்பா, இன்னிக்கு லாஸ்ட் டேட். நைன்டீன் மட்டும்தான் பாக்கி" என்றாள்.

"ஆமான்னு போடு" என்றேன்.

அவள் விரல் அப்படியே நின்றது. ஸ்டெல்லா தீக்குச்சியை ஊதிவிட்டுத் திரும்பினாள். "என்னங்க ஆமா?"

ஆம் என்று போட்டதும் கீழே புதிதாக நாலைந்து கட்டங்கள் முளைத்தன. ரோஷினி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அடிபட்டவர் பெயர்? அந்தோணி. உங்களுக்கு என்ன உறவு? மச்சான். எங்கே? மசினகுடி. ஸ்டெல்லா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதனால? யானைன்னு போடட்டுமா?"

"இல்ல. ஆனை ஒண்ணும் பண்ணல. ஜீப்பு." விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. "பின்னால எடுக்கும்போது ஏறிருச்சு. அவன் தட்டறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

"டிரைவர் பேரு?" அவள் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"செல்வராஜ்."

"ரெண்டு கட்டம் இருக்கு அப்பா. இன்னொரு தடவை சொல்லணும்."

"செல்வராஜ்" என்றேன்.

அவள் தட்டினாள். அனுப்பினாள். பிறகு கம்ப்யூட்டரை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, அழுதாளா இல்லையா என்று தெரியாதபடி குனிந்துகொண்டாள். தோளைத் தொடப் போனேன். தோள் விலகியது.

ஸ்டெல்லா சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"எங்கண்ணன் படுக்கையில கெடந்தப்ப நீங்க வாரா வாரம் மசினகுடியில இருந்து ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீங்க" என்றாள். "எங்கம்மா சொன்னாங்க, மாப்பிள்ளைக்கு எத்தனை பாசம் பாருன்னு. நானும் அதைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன்."

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ஊரில் அப்போது மத்தியானம். கதவு சாத்தவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணா, நெசமா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. வெகுநேரம் கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை, "எனக்காகவா? எனக்காகவா மூடி வெச்ச? யாரு கேட்டா உன்னை?" என்று அவள் குரல் உடைந்தது. நான் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எத்தனை தடவை நடந்தேனோ.

கடைசியில் அவள் வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. போனை என் பக்கம் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். ஸ்பீக்கரில் இருந்தது. ஜெராக்ஸ் சத்தம் இல்லை. மெஷினை நிறுத்தி வைத்திருந்தான்.

"மாப்ள இருக்காரா?" என்று கேட்டான் அந்தோணி.

ஸ்டெல்லா போனைப் பார்த்தாள். ரோஷினியும் தலையைத் தூக்கினாள். அவளுடைய பதினாறு வருடத்தில் மாமா வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை.

"இருக்கேன்" என்றேன்.

"டிரைவரை வெய்யறதுக்கு எனக்கு வாய் வரல மாப்ள. அதான் இத்தனை வருஷமா ஒண்ணும் பேசல. இன்னிக்கு வெய்யப் போறேன். காலு போனதுக்கு இல்ல. அன்னிக்கு மலை ஏறும்போது எங்கிட்ட கேட்ட பாரு, அதுக்கு. நேரமாகும். கேக்கறியா?"

"கேக்கறேன்."

"நடந்துட்டே கேக்காத. உன்னை எனக்குத் தெரியும்."

ரோஷினி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கம் காலால் தள்ளிவிட்டு, அறைக்குள் போய்விட்டாள். நான் அதில் உட்கார்ந்தேன். அவன் ஆரம்பித்தான்.